நான் காட்டிய இரண்டு விரல்

எங்கள் சமையலறை யன்னல் விளிம்பில், கறிவேப்பிலைச் சாடிக்கும் பழைய ரேடியோவுக்கும் நடுவில் ஒரு கை இருக்கிறது. பிளாஸ்டரில் வார்த்த வலது கை. மணிக்கட்டோடு நின்றுவிடும். அது ஒரு பேஸ்போல் பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பந்தும் பிளாஸ்டர்தான், ஆனாலும் தோலைச் சேர்த்துத் தைத்த நூல் இழை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். சுட்டுவிரல் பந்தின்மேல் சும்மா சாய்ந்திருக்கிறது. நடுவிரல்தான் தையலின் ஓரத்தில் அழுந்தி நிற்கிறது. பெருவிரல் கீழே இருந்து தாங்குகிறது. நடுவிரல் நகத்தில், சின்ன வயதில் கதவுக்குள் அகப்பட்டதால் வந்த கோடு ஒன்று உண்டு. அதுகூட அப்படியே பதிந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதென்ன என்று கேட்பார்கள். என் மனைவி, "அது இவரின்ரை மச்சான்ரை கை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவாள். மிச்சத்தைச் சொல்வது என் பொறுப்பு. நான் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த நடுவிரல் இன்று இந்த உலகத்தில் அந்தப் பிளாஸ்டரில் மட்டும்தான் இருக்கிறது.

மச்சான் என் தாய்மாமனின் மகன். என்னைவிட நான்கு மாதம் மூத்தவன். அந்த நான்கு மாதத்தை அவன் ஒரு நாளும் விட்டுக்கொடுத்தது கிடையாது. சுவிஸில் ஓல்டன் என்ற ஊரில், ஒரே தொடர்மாடிக் குடியிருப்பில், அவன் மூன்றாம் மாடியிலும் நான் முதலாம் மாடியிலுமாக வளர்ந்தோம். ரயில்கள் வந்து பிரிந்து போகிற ஊர் அது. பகல் முழுக்க யன்னல் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்குத்தான் அந்தச் சத்தம் கேட்கும். மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் உதைபந்துக்குப் போக, நாங்கள் இருவரும் ஆரே ஆற்றோரம் இருந்த பேஸ்போல் மைதானத்துக்குப் போனோம். பள்ளிக்கூட விளையாட்டு வாரத்தில் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள், மச்சான் ஒரு பந்தை எறிந்து பார்த்தான், அதோடு சரி. கழகத்தின் பயிற்சியாளர் ஒரு தபால்காரர். ஆளுக்கு ஆள் தெரிந்த சின்னக் கழகம். மாமா தலையில் அடித்துக்கொண்டார்: "கிரிக்கெட் எண்டாலும் பரவாயில்லை, இதென்ன கோதாரி விளையாட்டு?" மாமி மட்டும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இது எங்கட எல்லேதானே. நாங்கள் வெறுங்கையாலை பிடிச்சம், இவங்கள் கையுறை போட்டுப் பிடிக்கிறாங்கள்" என்றார். எல்லே என்றால் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற ஊர் விளையாட்டு; பள்ளிக்கூடத்தில் அந்த அணியில் ஓடியவர் அவர். அதன்பிறகு எங்களைத் தடுக்க வீட்டில் யாரும் இருக்கவில்லை.

மச்சான் பிட்சர், அதாவது மேட்டில் நின்று பந்தை எறிபவன். நான் கட்சர். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் போல, துடுப்பு வைத்திருப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன். எந்தப் பந்தை எறிவது என்று தீர்மானிப்பது, வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பது போல எறிகிறவன் அல்ல. குந்தியிருப்பவன்தான். துடுப்புக்காரன் எங்கே கால் வைக்கிறான், எதற்காகக் காத்திருக்கிறான் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பவன் அவன். தொடைகளுக்கு நடுவில் மறைத்து விரலைக் காட்டுவான். ஒரு விரல் என்றால் நேர்ப்பந்து. இரண்டு விரல் என்றால் வளைபந்து. பிட்சருக்குப் பிடிக்காவிட்டால் தலையாட்டி மறுக்கலாம், வேறொன்று காட்டுவார்கள். எங்கள் கழகத்தில் இருந்த மற்றப் பிட்சர்கள் சாமியாடுகிறவர்கள் மாதிரித் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். மச்சான் ஒரு தடவைகூட எனக்குத் தலையாட்டியதில்லை. ஏனென்று கேட்டால், "தலையாட்டுறதெண்டால் யோசிக்க வேணும். யோசிக்கிறது உன்ரை வேலை, எறியிறது என்ரை வேலை" என்பான். எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமை எனக்கு நல்லது செய்யவில்லை.

அவனுடைய வளைபந்து நெஞ்சு உயரத்தில் வரும். அடிக்கச் சுகமான பந்து என்று துடுப்புக்காரன் நினைப்பான். கிட்ட வந்ததும் கீழே விழுந்துவிடும். மேசை விளிம்பில் இருந்து உருண்டு விழுகிற தோடம்பழம் போல. அதைச் செய்வது தோளும் அல்ல, முழங்கையும் அல்ல, நடுவிரல். கடைசிக் கணத்தில் அந்த ஒரு விரல் தையலைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். இழுவை போதாவிட்டால் பந்து சுழலாது, சுழலாவிட்டால் விழாது, துடுப்புக்காரனின் இடுப்புக்கு நேரே மிதந்துகொண்டு நிற்கும். விரல் நுனியில் ஒரு கொப்புளம், நகத்தில் ஒரு வெடிப்பு, அவ்வளவு போதும் அந்தப் பந்தைக் கெடுக்க.

பதின்மூன்று வயதில் ஒருநாள் என் கையுறைக்குள் விழுந்த பந்தில் இரத்தம் இருந்தது. போய்ப் பார்த்தால் அவன் நடுவிரல் நுனித் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மைதானத்தில் வைத்தே ஏசினேன். அன்றைக்கு இருவரும் ஒரு ஒழுங்கு செய்துகொண்டோம். ஒவ்வொரு பந்துக்கு முன்னும் அவன் வலது கையைத் தொடையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை என் பக்கம் திருப்பி ஒரு கணம் விரித்துக் காட்ட வேண்டும். நான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் விரல் காட்ட வேண்டும். ஒருநாள் நடுவர் இதென்ன என்று விசாரிக்க, மச்சான் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு, எங்கள் சாமிக்குக் கை காட்டுகிறேன் என்று சுவிஸ் ஜெர்மனில் சொன்னான். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். ஏழு வருடம் அந்தக் கை எனக்கு விரிந்தது. நானும் ஏழு வருடம் பார்த்தேன்.

எங்களுக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது மாமா மாரடைப்பில் போய்விட்டார். மாமி ஒரு முதியோர் இல்லத்தில் சமையலுக்குப் போய் வந்தார். மச்சான் அப்போது பல் தயாரிக்கும் கூடம் ஒன்றில், இங்கே லேரே என்று சொல்கிற நான்கு வருடத் தொழிற்பயிற்சியில் இருந்தான். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் பல்லைச் செதுக்கி, பிறகு அதைப் பீங்கானில் செய்வார்கள். பந்து எறிகிற அதே கைதான் அதையும் செய்தது. கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை ஊசிமுனையால் இழைத்து இழைத்து எடுப்பான். "மாமி, உங்கட மகனுக்குக் கை பேசுதாம்" என்று, அவன் மேலாளர் சொன்னதை நான் மாமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் அடுப்பை நிற்பாட்டிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்றார். மூன்றாம் வருடத்தில் ஒருநாள், மிஞ்சிய கலவையில் விளையாட்டாகத் தன் கையையே வார்த்துக் கொண்டுவந்தான். வளைபந்துப் பிடியில். மாமி அதை அலுமாரிக்கு மேல் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களைத் துடைக்கிறபோது அதையும் துடைத்து வந்தார்.

பயிற்சியின் கடைசி வருட வசந்தத்தில் அவனுடைய உண்மையான கை வெட்டுப்பட்டது. பீங்கானை வெட்டுகிற சின்னச் சக்கரம், காசுத்தாள் அளவு மெல்லியது, வழுக்கிப் போய் நடுவிரலின் உட்பக்கத்தில், நடு மூட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. இரத்தம் அதிகமில்லை. மச்சான் காயத்தில் ஒட்டுத்துணி ஒட்டிக்கொண்டு பின்னேரம் வரை வேலை செய்திருக்கிறான். கைக்கென்றே இருக்கிற வைத்தியர் அடுத்த நாள் பார்த்துவிட்டு, விரலை மடக்கும் நரம்புக்கயிறு பாதி அறுந்திருக்கிறது, பாதி பிழைத்திருக்கிறது, பாதுகாத்தால் சேர்ந்துகொள்ளும் என்றார். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், விரலைக் கட்டிவைத்தார்கள். பன்னிரண்டு கிழமைக்கு எதையும் பலமாக இழுக்கக்கூடாது. அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். காது நன்றாகத்தான் இருந்தது.

கட்டுப் பிரித்ததும் அவன் மெல்ல எறிந்து பார்த்தான். நேர்ப்பந்து ஏதோ வந்தது. வளைபந்து வரவே இல்லை. விரல் தையலைப் பிடிக்காமல் வழுக்க, பந்து மிதந்து மிதந்து வந்து என் கையுறைக்குள் பேசாமல் விழுந்தது. மச்சான் போய் ஓரத்தில் கிடந்த வாங்கில் இருந்தான். அந்த முகத்தை மாமா செத்த வீட்டில்கூட நான் காணவில்லை. பிறகு ஒன்பதாம் கிழமையில் அந்த அதிசயம் நடந்தது. விரல் முழுதாக நிமிரவில்லை. உள்ளே தழும்பு ஒட்டி, நடு மூட்டில் கொஞ்சம் வளைந்தே நின்றது. அந்த வளைவால் விரல் நுனி தையலுக்குள் முன்னரைவிட ஆழமாக ஊன்றியது. ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் நாங்கள் இருவர் மட்டும் நின்று எறிந்து பார்த்தோம். அப்படியொரு வளைபந்தை நான் அதற்கு முன் பிடித்ததில்லை. முதல் மூன்றையும் பிடிக்கமுடியாமல் விட்டேன். இருவரும் பைத்தியங்கள் மாதிரிச் சிரித்தோம்.

விரலை நிமிர்த்துவதற்காகப் பின்னேரங்களில் போடச் சொல்லி ஒரு ஷீனே கொடுத்திருந்தார்கள், விரலைச் சட்டத்துக்குள் வைத்து இழுத்துப் பிடிக்கும் சாதனம். "அது நிமிர்ந்தால் இந்தப் பந்து போயிடும்" என்று நான்தான் சொன்னேன். "கடைசி ஆட்டம் முடியும்வரைக்கும் போடாதை. பிறகு ஆறுதலாய் நிமித்தலாம்." அவன் என்னைப் பார்த்தான். யோசிக்கிறது என் வேலை அல்லவா. ஷீனேயை விளையாட்டுப் பைக்குள் சுருட்டி வைத்தான். அது எந்தப் பையின் எந்த அறைக்குள் கிடந்தது என்பதுகூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடைசி ஆட்டம் பத்தாம் கிழமையின் ஞாயிற்றுக்கிழமை. பாசலில் இருந்து வந்த அணி. வென்றால் மேல் பிரிவுக்கு ஏறலாம். காலையில் உடுப்பு மாற்றும் அறையில் மச்சான் என் பக்கத்தில் வந்து இருந்து, மெதுவாகச் சொன்னான்: "இண்டைக்கு ரெண்டு வேண்டாம். வியாழக்கிழமையிலை இருந்து விரலுக்குள்ளை என்னமோ தட்டுது. நேர்ப்பந்தோடை பாப்பம்." நான், "ஓம், ஓம்" என்றேன். கால் காப்பைக் கட்டிக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்து பார்த்தேனா என்பது ஞாபகம் இல்லை.

ஆட்டம் முழுக்க ஒரு விரலே காட்டினேன். கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் நின்றோம். எதிரணியில் இருவர் ஆட்டமிழந்துவிட்டார்கள். ஆனால் இரண்டு தளங்களில் ஆட்கள் ஓடக் காத்திருந்தார்கள். ஒரு அடி விழுந்தால் தோல்வி, அடிக்கிறவன் இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் அவர்களுக்கு முடிவு. துடுப்புக்காரன் இடக்கைக்காரன், நெடியவன். எறிந்த நேர்ப்பந்தையெல்லாம் ஓரத்தில் தட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தான், நான்கு தடவை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பந்துக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தான். நான் அவன் முன்காலைப் பார்த்தேன். ஒரு சாண் முன்னால் வந்திருந்தது, குதிக்கால் தரையில் படவில்லை. நேர்ப்பந்துக்காகவே நிற்கிறான். இப்போது ஒரு வளைபந்து விழுந்தால் கதை முடிந்தது. அதைத் தவிர வேறெதுவும் என் மண்டைக்குள் இருக்கவில்லை. என் கை தன்பாட்டில் இறங்கி இரண்டு விரலைக் காட்டியது. தன்பாட்டில் என்று எழுதுகிறேன், பாருங்கள். நான் காட்டினேன்.

மைதானத்துக்கு அப்பால் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது; அதன் கடைசிப் பெட்டி போகும்வரை மச்சான் நின்றான். தலையாட்டவில்லை. எறிந்தான். பந்து நெஞ்சுக்கு நேரே வந்து, துடுப்புக்காரன் வீசியபோது அங்கே இல்லாமல் போய், நிலத்துக்கு ஒரு விரற்கடை உயரத்தில் என் கையுறைக்குள் புகுந்தது. அதைப்போல ஒரு பந்தை நான் பிறகு பிடிக்கவில்லை. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நானும் ஓடினேன். மச்சான் மேட்டில் வயிற்றோடு கையை அணைத்துக்கொண்டு நின்றான். கட்டிப்பிடித்தபோது என் காதுக்குள், "மச்சான், விரல் மடங்குதில்லை" என்றான். கையைப் பிடித்துப் பார்த்தேன். மற்ற விரல்கள் மடங்கின. இத்தனை கிழமையாக நிமிர மறுத்த விரல் மட்டும் நேராக நீட்டிக்கொண்டு நின்றது.

நான்தான் காரில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன், கால் காப்பைக்கூடக் கழற்றாமல். ஷீனே போடுவதை ஏன் நிறுத்தினீர்கள் என்று வைத்தியர் கேட்டார். "மறந்துபோனேன்" என்று மச்சான் ஜெர்மனில் சொன்னான். என் பக்கம் திரும்பவில்லை. நான் சுவரில் இருந்த கை எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி வேலை உடுப்போடு ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது பக்கத்திலை நிண்டனி, ராசா. இல்லாட்டி இவன் ஆருக்கும் சொல்லியிருக்கமாட்டான்" என்று அழுதார். சாகும்வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் ஒரு தடவையாவது, இல்லை மாமி, நடந்தது இது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒருநாள் தள்ளிப்போட்டால் அடுத்த நாள் இன்னும் கஷ்டம். அப்படியே வருடங்கள் போய்விட்டன.

அறுந்ததைத் தைத்தார்கள், அதில் கிருமி பிடித்தது. முழங்கைக்குக் கீழே இருந்து ஒரு கயிற்றை எடுத்து மறுபடி வைத்தார்கள், அது ஒட்டிப்போனது. விரல் தடி மாதிரி விறைத்து நின்றது. பல் கூடத்தில் பரீட்சைக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள். அவன் மெழுகில் பல்லைச் செதுக்கி முடிக்கிற நேரம் அந்த நீட்டிய விரல் தட்டி எல்லாவற்றையும் சாய்த்துவிடும். ஒருநாள் மேலங்கியைக் கொழுவியில் மாட்டிவிட்டு வந்தவன் பிறகு போகவில்லை. ஓல்டனில் களஞ்சியம் ஒன்றில் பெட்டி ஏற்றினான். அங்கேயும் அந்த விரல் கதவில், வண்டியில், சட்டைக் கையில் என்று கொழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாம் வருடம் தானே வைத்தியரிடம் போய், விரலை எடுத்துவிடுங்கள் என்று கேட்டான். அன்று நான் போகவில்லை. வேலை என்று தகவல் அனுப்பினேன். அப்போது நான் ரயில் கட்டுப்பாட்டு நிலையத்தில் பழகிக்கொண்டிருந்தேன். நான் பச்சை காட்டினால் ரயில் புறப்படும். ஓட்டுபவர் என்னைக் கேள்வி கேட்கமாட்டார். அந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் என்று பரீட்சை வைத்தவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் கழகம் மேல் பிரிவுக்கு ஏறி, அடுத்த வருடமே இறங்கிவிட்டது.

மச்சான் ஒரு குளிர்காலத்துக்கு என்று, கிழக்கு மலைகளுக்குள் இருக்கிற எங்கடின் பள்ளத்தாக்குக்குப் போனான். ஒரு ஹோட்டலில் கொதிகலன், குழாய், பூட்டு எல்லாவற்றையும் கவனிக்கிற வேலை. திரும்பி வரவில்லை. குளிருக்கு வெட்டின இடம் நோகாதா என்று நான் தொலைபேசியில் கேட்டபோது, "நல்லாய் விறைச்சால் ஒண்டும் தெரியாது. அரைகுறைக் குளிர்தான் கூடாது" என்றான். இல்லாத விரல் சில நேரம் கடிக்கிறது என்றும் சொன்னான். பிறந்தநாளுக்குப் பேசுவோம், தைப்பொங்கலுக்குப் பேசுவோம். பந்தைப் பற்றிப் பேசமாட்டோம். மாமி முதியோர் இல்லத்துக்கு, சமைக்க அல்ல, இருக்கப் போனபோது, பிளாஸ்டர் கையை ஒரு துவாயில் சுற்றி என்னிடம் தந்தார். "இனி என்னாலை இதைத் துடைக்க ஏலாது. நீ வைச்சிரு. நீங்கள் ரெண்டுபேரும் ஒண்டாய்த் திரிஞ்சனீங்கள்" என்றார்.

போன மாரியில் மாமி போய்விட்டார். தகன மண்டபத்தில் பெட்டி திறந்திருந்தது. ஐயர் மச்சானைக் கூப்பிட்டு வாய்க்கரிசி போடச் சொன்னார். ஒரே மகன். வலது கையில் அரிசியை அள்ளினான். மாமியின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோவதற்குள், நடுவிரல் இல்லாத இடைவெளியால் அரிசி ஒழுகிப் பெட்டியின் வெள்ளைத் துணியிலும் நிலத்திலும் கொட்டியது. திரும்ப அள்ளினான், திரும்ப ஒழுகியது. அந்த மண்டபத்தில் நிலத்துக் கல்லில் அரிசி விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "மற்றக் கையையும் கீழை குடுங்கோ தம்பி" என்று ஐயர் மெல்லச் சொன்னார். இடது கையைக் கீழே ஏந்திக்கொண்டு அவன் தாய்க்குக் கடைசி அரிசியைப் போட்டான். நான் இரண்டாம் வரிசையில் நின்றேன். மாமிக்காக அழ வேண்டிய நேரத்தில், நிலத்தில் கிடந்த அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று அங்கேதான் முடிவெடுத்தேன். வெட்கம்கெட்ட முடிவு, கேட்க வேண்டிய இருவரில் ஒருவர் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்.

முப்பத்தோராம் நாள் முடிந்து சில கிழமைகள் கழித்து, பிளாஸ்டர் கையை அதே துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கடினுக்குப் போனேன். சிவப்பு ரயில் பாலங்களுக்கு மேலால் சுற்றிச் சுற்றி ஏறியது. பக்கத்து இருக்கைகளில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் சத்தமாக இருந்தார்கள். மச்சான் நிலையத்துக்கு வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. கையுறையில் நடுவிரலை வெட்டி, அந்த இடத்தைத் தானே தைத்து மூடியிருந்தான். ஊழியர்களின் சமையலறையில் தேத்தண்ணீர் போட்டுத் தந்தான். நான் துவாயை மேசையில் வைத்து விரித்தேன். அவன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தன் வலது கையை அதற்குப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தான். "இவ்வளவு மெல்லிய கையோ எனக்கு?" என்று சிரித்தான்.

சிரிப்பு அடங்குமுன் சொன்னேன். அந்தக் கணம் விட்டிருந்தால் அன்றும் சொல்லாமல் வந்திருப்பேன். "நீ அண்டைக்கு ரெண்டு வேண்டாம் எண்டனி. நான் ஓம் எண்டனான். பிறகும் காட்டினன்."

"ஓம்" என்றான்.

"நீ ஏன் தலையாட்டேல்லை? ஒருக்கா ஆட்டியிருந்தால் நான் மாத்தியிருப்பன்."

அவன் தேத்தண்ணீர்க் கோப்பையை இடது கையால் சுற்றிக்கொண்டிருந்தான். இதைப்பற்றி நினைத்து முடித்துக் கனகாலம் ஆகிவிட்டது போலத்தான் பேசினான். "நான் கையை விரிச்சுக் காட்டினனான். விரல் நடுங்கிக்கொண்டு நிண்டது. விரிக்கவே ஏலாமல் கிடந்தது. நீ பாத்திட்டுத்தானே எப்பவும் காட்டுவாய். அதைப் பாத்திட்டும் ரெண்டு காட்டுறாய் எண்டால், விரலுக்கு ஒண்டுமில்லையாக்கும், எனக்குத்தான் வீண் பயமாக்கும் எண்டு நினைச்சன்."

இத்தனை வருடமும், வாக்கை மீறியதுதான் என் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு மன்னிப்புக் கேட்கத்தான் மலை ஏறி வந்திருந்தேன். "நான் பாக்கேல்லை" என்றேன். "அவன்ரை காலைப் பாத்துக்கொண்டிருந்தனான். உன்ரை கையை நான் பாக்கவே இல்லை, மச்சான்."

பக்கத்து அறையில் துணி தோய்க்கும் இயந்திரம் சுற்றி நின்றது. அவன் எழும்பி, துவாயை இழுத்து, அந்தப் பிளாஸ்டர் கையைச் சுற்றத் தொடங்கினான். இடது கையாலும் மிச்ச வலது கையாலும் அது நேர்த்தியாக வரவில்லை. நான் உதவப் போக, வேண்டாம் என்று தோளால் தடுத்தான். சுற்றி முடித்து என் மடியில் வைத்தான். "கொண்டு போ. உன்னட்டையே இருக்கட்டும்" என்றான். "இப்பவாவது பார்." கோபமாகச் சொல்லவில்லை. பகிடியாகவும் சொல்லவில்லை. கொதிகலனைப் பார்க்க நேரமாகிவிட்டது என்று சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனான். ரயிலுக்கு நான் தனியாகத்தான் நடந்து போனேன்.

கை மறுபடி சமையலறை யன்னலில் இருக்கிறது. முன்னர் அது வெளியே பார்த்துக்கொண்டு இருந்தது. இப்போது உள்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணீரோடு அதன் முன்னால் இருக்கிறேன். கீழே ரயில்கள் போகின்றன, கண்ணாடி அதிர்கிறது, சில நாட்களில் கையும் சாடியோடு சேர்ந்து மெல்ல அதிர்கிறது. நகத்தின் கோட்டைப் பார்க்கிறேன், தையலில் ஊன்றிய விரல் நுனியைப் பார்க்கிறேன். உள்ளங்கையை மட்டும் பார்க்க முடிவதில்லை. அது பந்தைப் பிடித்த கை. நான் எவ்வளவு நேரம் இருந்தாலும் அது எனக்கு விரிவதில்லை.